வலது பக்கத்து மூச்சு

எனக்கு மூச்சு விட ஒரு விரல் வேண்டும். வலது கன்னத்தில், மூக்கை ஒட்டி, ஆள்காட்டி விரலை வைத்துக் காதுப் பக்கமாக லேசாக இழுத்தால் நாசி திறந்து காற்று உள்ளே போகும். விரலை எடுத்தால் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் மூக்கின் அந்தப் பக்கத்து மடல் நடுத்தண்டோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்காக இன்னொரு ஆபரேஷன் செய்துகொள்வதா, இப்படியே காலத்தை ஓட்டிவிடுவதா என்று ஒன்றரை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். வாய் ஓயாத வேலை. பேசிக்கொண்டே வாயால் மூச்சு விட்டால் இரண்டாவது பீரியடுக்குள் தொண்டை வறண்டு போகிறது. அதனால் போர்டில் சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பி நின்று கன்னத்தில் விரலை வைத்துக்கொள்வேன். நான் ஏதோ ஆழ்ந்து சிந்திப்பதாகப் பெண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் தின விழாவில் ஒருத்தி என்னைப் போலப் புடவை கட்டிக்கொண்டு வந்து, விரலைக் கன்னத்தில் வைத்து, மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது வாய் திறந்திருப்பதால் எனக்கு நல்ல மூச்சு வரும்.

முதல் ஆபரேஷன் அவசியமானதுதான். சின்ன வயதிலிருந்தே எனக்கு மூக்குத் தண்டு வளைந்திருந்தது. மழைக்காலம் வந்தால் மூக்கடைப்பு, தலைவலி. நான் விடுகிற குறட்டைக்குப் பயந்து என் கணவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குக் குடிபெயர்ந்தார். தி. நகரில் ஒரு டாக்டர் உள்ளே தண்டையும் வெளியே நுனியையும் நேராக்கினார். ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் சோப்புத் தண்ணீரெல்லாம் போட்டு, பிடிவாதமாக இருந்த திருகாணியைக் கழற்றி, என் மூக்குத்தியை ஒரு சின்னப் பொட்டலமாக மாமியார் கையில் கொடுத்தாள். உள்ளே வைத்திருந்த பஞ்சை எடுத்த அன்று நான் விட்ட மூச்சை இன்னும் மறக்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில் முதல் முறையாக இரண்டு பக்கமும் காற்று போனது. தெருமுனைக் குப்பைத் தொட்டியைக்கூட நின்று ரசித்து முகர்ந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மூணு மாசத்துக்கு மூக்குல எதுவும் படக் கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவர் சொன்ன 'எதுவும்' என்பதில் மூக்குத்தி சேர்த்தியா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மூக்குத்தியைப் பொருளாகவே யாரும் நினைப்பதில்லை. அது மூக்கின் ஒரு பகுதி.

ஒன்றரை மாதம் ஆகியிருந்தபோது என் மைத்துனர் பெண்ணின் கல்யாணம் வந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை செய்வார்கள். குடும்பத்தில் சுமங்கலிகளாகவே போய்ச் சேர்ந்த பெண்களை நினைத்து, இருக்கிற சுமங்கலிகளை இலை போட்டு உட்கார வைத்து, புடவை கொடுத்து, சாப்பாடு போட்டு நமஸ்காரம் பண்ணுவது. இந்த வீட்டு மருமகளாக நானும் மடிசார் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முந்தின நாள் காலையில் மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"மூக்கு மூளியா இலையில உக்காருவாளோடீ? போனவா பாத்தா மனசு கஷ்டப்பட மாட்டாளா?"

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரேம்மா."

"ஆபரேஷன் உள்ளன்னா பண்ணியிருக்கார். மூக்குத்தி வெளியிலதானே?"

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு வீட்டில் இருந்த நான்கு பெரியவர்களில் ஒருவருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. எல்லோரும் படித்தவர்கள். என் கணவர் இன்ஜினியர். அவருக்கும் உள்ளே வேறு வெளியே வேறு என்பது நியாயமாகவே பட்டது. மாமியார் இதைக் கோபமாகவோ அதிகாரமாகவோ சொல்லவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, மூக்குத்தியைப் பாலில் கழுவி, மஞ்சள் தடவி வைத்திருந்தார். அவ்வளவு ஆசையாக ஒருவர் கேட்கும்போது எங்கள் வீடுகளில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

ஓட்டை தூர்ந்து போயிருந்தது. வீட்டில் எவ்வளவு முயன்றும் கம்பி நுழையவில்லை. மாமியாரும் நானும் தி. நகரில் ஒரு நகைக் கடைக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல் போட்டு மூக்கு, காது குத்திவிடுகிறவர் உட்கார்ந்திருந்தார். என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஓட்டை சுத்தமா தூந்துகினு கீது. அதே எடத்துல தோலு கெட்டியா ஆயிடுச்சு. கொஞ்சம் மேல குத்திக்கலாமா?"

"குத்துங்கோ. வலிக்குமா?" என்று மாமியார் கேட்டார்.

"எறும்பு கடிக்கிற மாரிதாம்மா."

எறும்புகூடக் கடிக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கு நுனி மரத்துப் போயிருந்ததால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "பாத்தியா, கொழந்தை மாதிரி உக்காந்துண்டிருக்கா" என்று மாமியார் என் தலையைத் தடவினார். அவர் சொன்ன அந்தக் 'கொஞ்சம் மேல' என்பது குருத்தெலும்பு. மறுநாள் நான் மடிசாரும் மூக்குத்தியுமாக இலையில் உட்கார்ந்தேன். லட்சணமாக இருக்கிறேன் என்று எல்லோரும் சொன்னார்கள். போட்டோவும் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறேன்.

கல்யாணத்துக்குள் மூக்கு வீங்கிப் பழுத்துவிட்டது. சீழ் பிடித்தது. தி. நகர் டாக்டர் மூக்குத்தியை வெட்டி எடுத்து, சீழைக் கீறிவிட்டு, நாள் கணக்கில் ஊசி போட்டார். கடைசியில் வீக்கம் வடிந்தது. வடிந்தபோது உள்ளே இருந்த குருத்தெலும்பையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வலது பக்கத்து மடல் உள்ளே எலும்பில்லாமல் வெறும் தோலாகத் தொங்குகிறது. பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்னப் பள்ளம்தான் தெரியும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நாற்பத்தைந்து வயதில் என்னை யார் பெண் பார்க்க வரப்போகிறார்கள்? எனக்கு மூச்சு வேண்டும். அந்த ஒன்றரை மாதம் வந்துகொண்டிருந்ததே, அந்த மூச்சு.

தி. நகர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நான் பண்ணின வேலையில குறை இல்லைங்க. தண்டு ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருக்கு" என்றார். உண்மைதான். அந்த நேரான தண்டின் மேல்தான் மடல் போய் அழகாக ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு டாக்டர், ஒருமுறை சீழ் பிடித்த மூக்கைத் திரும்பத் தொடவே கூடாது என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். ஸ்டாஃப் ரூமில் ஆவி பிடிக்கச் சொன்னார்கள். என் மைத்துனர் பிராணாயாமம் செய்யச் சொன்னார். வலது நாசியில் இழுத்து இடதில் விட வேண்டுமாம். அது முடிந்தால் நான் ஏன் ஊர் ஊராக டாக்டரைத் தேடுகிறேன் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் யோகா பேசுவதில்லை.

என் கணவர் "உன் இஷ்டம்" என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். புடவைக்கடையிலும் உன் இஷ்டம், ஆஸ்பத்திரியிலும் உன் இஷ்டம். ஆபரேஷன் சரியாக வராவிட்டால் யார் இஷ்டத்தால் ஆனது என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது.

மாமியார் மட்டும் எதுவுமே சொல்லவில்லை. என் மூக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போவார். மழை பெய்துகொண்டிருந்தாலும் போவார். அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை. என்னோடு ஒரே சமையலறையில் நின்றுகொண்டு, காய் நறுக்கிக்கொண்டு, கோவில் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் தரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. ஆசையாகக் கெடுதல் செய்தவரை என்ன சொல்லித் திட்டுவது என்றும் தெரியவில்லை. விரோதியாக இருந்தால் வசதி.

போன மாதம் அடையாறில் ஒரு சர்ஜனைப் பார்க்க நேரம் வாங்கினேன். ஏற்கெனவே ஆபரேஷன் ஆன மூக்குகளைத் திருத்துவதுதான் அவருக்கு முக்கியமான வேலை என்றார்கள். கணவருக்கு ஆபீசில் மீட்டிங். நான் கிளம்பும்போது மாமியார் புடவை மாற்றிக்கொண்டு கையில் பையோடு வாசலில் நின்றார். "நானும் வரேன்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஆட்டோவில் திரு.வி.க. பாலம் தாண்டிப் போனோம்.

சர்ஜன் நிதானமானவர். என் கன்னத்தில் தன் விரலை வைத்து இழுத்தார்.

"இப்போ மூச்சு வருதா?"

"வருது."

விரலை எடுத்தார். "இப்போ?"

"இல்லை."

"என் விரல் செய்யற வேலையைச் செய்ய உள்ள ஒரு பட்டை வைக்கணும். உங்க காதுக்குப் பின்னாலேர்ந்து குருத்தெலும்பு எடுத்து வைக்கலாம். வெளியில தெரியாது. ஆனா உள்ளே எல்லாம் தழும்பா இருக்கு. எவ்வளவு மிச்சம் இருக்குன்னு திறந்து பாத்தாத்தான் தெரியும். நல்லா வரலாம். இப்படியேவும் இருக்கலாம். சில பேருக்கு இதைவிடக் கொஞ்சம் மோசமாவும் ஆகலாம்."

எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். "உங்க வீட்ல யாருக்காவது இப்படி இருந்தா பண்ணுவீங்களா டாக்டர்?"

"தாங்க முடியலேன்னு அவங்க சொன்னா பண்ணுவேன். எவ்வளவு தாங்க முடியும்னு அவங்கதானே சொல்லணும்?"

சுற்றிச் சுற்றி மறுபடியும் என் தலையில்தான் வந்து விடிந்தது. எவ்வளவு தாங்க முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தினமும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். நாளைக்கு இடது பக்கமும் போய்விட்டால் இன்றைக்கு இருப்பதே சுகம் என்று தோன்றும். சரியாக வந்துவிட்டால் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தோம் என்று தோன்றும். எதைச் செய்தாலும் அடித்துக்கொள்ளப் போவது நான்தான் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர், இவ காதுலேர்ந்து எடுக்க வேண்டாம். என் காதுலேர்ந்து எடுத்துக்கோங்கோ."

சர்ஜன் அவரைப் பார்த்தார்.

"எனக்கு எழுபத்தி நாலு ஆயிடுத்து. காது எப்படி இருந்தா என்ன? ரெண்டு காதுலேர்ந்தும் எடுத்துக்கோங்கோ. நான்தானே இவளை அழைச்சுண்டு போனேன். நான்தானே குத்தச் சொன்னேன்."

சர்ஜன் சிரிக்கவில்லை. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "அவங்க உடம்புலேர்ந்து எடுத்தாத்தாம்மா பிடிக்கும். உங்களோடதை வெச்சா கரைஞ்சு போயிடும்" என்று மெதுவாகச் சொன்னார்.

"கொஞ்ச நாளாவது இருக்காதா?"

"இருக்காதும்மா."

ஒன்றரை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. அதுவும் என்னிடம் இல்லை, டாக்டரிடம். அது வந்தால் என் கோபமெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கோபம் தீர்ந்துதான் போனது. அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை. இத்தனை நாளும் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மூச்சு மட்டும் அதே அளவுதான் வந்தது.

வெளியே ரிசப்ஷனில் இருந்த பெண், "அடுத்த மாசம் டாக்டருக்கு ரெண்டு டேட் இருக்கு மேடம். போட்டுடலாமா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். எல்லா இடத்திலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

தெருவில் நல்ல வெயில். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. ஒரு மருந்துக் கடை ஓரமாக நின்றோம். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கண் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த பஸ் ஸ்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடீ இப்படிக் கல்லு மாதிரி நிக்கற? என்னை நாலு வார்த்தை திட்டேன். இல்லேன்னா அழவாவது அழேன்" என்றார்.

"நீங்க அழுங்கோம்மா" என்றேன். "எனக்கு அழுதா இருக்கற ஒரு மூக்கும் அடைச்சுக்கும்."