எதிர்வீட்டுக்காரர் மாத்திச் செய்கிறார்

எதிர்வீட்டு பிளம்பர் இடது கையால் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். பல்லைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பேஸ்ட் அப்பியிருக்கிறது: மூக்கு நுனி, மோவாய், சட்டைப் பொத்தான். கைக்கடிகாரம் வலது மணிக்கட்டில். நான் கதவைத் திறந்ததும் பிரஷ்ஷை உயர்த்தி ஓர் ஆட்டு ஆட்டுகிறார். "மூளைக்குப் புது லைன் இழுக்கறேன் சார். பழைய லைன்ல அடைப்பு."

வயது அறுபத்தெட்டு. இந்தக் குடியிருப்பின் நாற்பது வீட்டுக் குழாய்களும் அவர் கைபட்டவை. ஒருமுறை என் குளியலறைச் சுவரில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டாவது எல்போ வளைவு. பொடிசா அழுவுது" என்றார். டைல்ஸை உடைத்துப் பார்த்தால் அங்கேதான் கசிவு. அன்றிலிருந்து அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு. சொட்டுகிற குழாயைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவ எழுந்தவர், அரை மணி கழித்து முழங்கை வரை நனைந்து திரும்புவார். அதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

சென்ற வருடம் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் சுடுதண்ணீர்க் குழாயைக் கழிப்பறைத் தொட்டியில் இணைத்துவிட்டார். மாடியே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவர், என் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே நின்று, "சார், இதுல நம்ம கதவு எது?" என்று கேட்டார். அவர் கதவைத் தொட்டுக் காட்டினேன். மருத்துவர் நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். பிளம்பரின் மனைவி அதை 'மறதி வியாதி' என்று சுருக்கிக்கொண்டார்.

மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் நினைவுப் பயிற்சி. முதல் நாள் அந்தம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார், "நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்" என்று. மூளை பூசி முடித்த சுவர் இல்லை, முதுமையிலும் கொஞ்சம் கொஞ்சம் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் என்றார் பயிற்சி தரும் பெண். புதிதாக ஒன்றைப் பழகினால் நரம்புகளுக்கிடையே புது இணைப்புகள் உண்டாகலாமாம். குணமாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. நான் பலமாகத் தலையாட்டினேன், புரிந்தது பாதிதான். முழுசாகப் புரிந்தது பிளம்பருக்கு. "மெயின் லைன் அடைச்சுக்கிச்சுன்னா, சுவத்தை உடைக்காம வெளியால சுத்தி ஒரு லைன் இழுப்போம்ல? அதானேம்மா?"

"அப்படியே வெச்சுக்கங்க ஐயா. வீட்ல வழக்கமா செய்யறதெல்லாம் கொஞ்சம் மாத்தி செய்யுங்க."

வம்பு அந்தச் சொல்லில் ஆரம்பித்தது. நம் பேச்சில் 'மாத்தி' என்றால் வேறு விதமாக என்றும் பொருள், தப்பாக என்றும் பொருள். சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போட்டார், அது பயிற்சி. செருப்பைக் கால் மாற்றிப் போட்டார். அது பயிற்சியா, வியாதியா? பிரஷ்ஷைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். மனைவி கேட்டால் ஒரே பதில், அதுவும் மிடுக்காக: "மாத்தி செஞ்சிருக்கேன்." இப்படி ஒரு கவசம் எனக்குக் கிடைத்தால் நானும் நிம்மதியாக வாழ்வேன். என் வீட்டிலும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

முப்பத்தொன்பது வருடமாக அவர் மனைவியைக் கூப்பிட்டது 'இந்தா', 'ஏய்', கோபம் வந்தால் 'வாடி போடி'. ஒருநாள் காலை, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார். அந்தம்மாவுக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. "கேட்டீங்களா சார், எனக்கு மரியாதை வந்துருச்சு! இதையும் மாத்தி செய்யறாரு!" என்று என் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். அன்றிலிருந்து அவர் வாயில் வாங்க, உக்காருங்க, சிரமப்படாதீங்கதான். மாடிப் பெண்களுக்குப் பொறாமை தாங்கவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கும் அந்தப் பயிற்சிக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்கக்கா" என்றாள் ஒருத்தி.

நான்காம் நாள் அவர் மனைவியிடம், "உங்க வீடு எங்கம்மா?" என்று கேட்டார்.

அந்தம்மா என் வாசலில் வந்து நின்றார். "சார், இதுவும் மாத்தி செய்யறதுதானா?" இருக்கலாம் என்றேன். நான் கோழை, வேறென்ன சொல்வேன்?

அடுத்த வாரம் பயிற்சி தரும் பெண்ணிடம் அந்தம்மா நேராகவே கேட்டுவிட்டார். "பழைய லைன்ல நான் இருந்தேன், அது போச்சு. புது லைன்ல என்னையக் கொண்டு வருவாரா?"

அந்தப் பெண் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "தெரியலைம்மா. சிலருக்கு முகம் திரும்பப் பழகுது, சிலருக்குப் பழகலை. தினமும் ஒரே நேரத்துக்கு, ஒரே மாதிரி, நிதானமாப் பேசிப் பாருங்க. திருத்தாதீங்க. 'நான் யாரு சொல்லுங்க'ன்னு பரீட்சை வைக்காதீங்க."

திரும்பும் வழியில், "நல்ல சேதிதானே?" என்றேன். "எது?" என்றார் அந்தம்மா.

இத்தனைக்கும் பிளம்பர் தன் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறார். எதிரே உட்காரும் இந்த மரியாதைக்குரிய அம்மாளிடம் மனம்விட்டுப் பேசுகிறார். "என் வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கா, வந்துடுவா. கொஞ்சம் கோவக்காரி. ஆனா தங்கமானவ. அவ இல்லேன்னா நான் என்னைக்கோ தெருவுல நின்னிருப்பேன்." இதை என்னிடம் சொல்லும்போது அந்தம்மா சிரித்தார், மூக்கையும் துடைத்துக்கொண்டார். "நேர்ல ஒரு வாட்டி சொன்னதில்ல பாருங்க. இப்ப யாருகிட்டயோ சொல்றாரு. அந்த யாரோ நானு. இதுக்கு நான் கோவப்படறதா, வெக்கப்படறதா சார்?"

அவர் நலிகிறாரா, தேறுகிறாரா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. நேற்று அந்தம்மாளின் பெயரைக் கேட்டாராம். மாலையில் மறுபடி கேட்டாராம். இன்று காலை முதல் எழுத்தை மட்டும் தானாகச் சொன்னாராம். இது புது லைனா, பழைய லைனில் மிச்சமிருந்த சொட்டா? கண்டுபிடிக்கும் காது உள்ள ஒரே மனிதர் அவர்தான்.

இன்று பதினோரு மணிக்கு நான் வெளியே கிளம்பியபோது அந்தம்மா காய்கறிப் பையோடு மாடியேறி வந்தார். சாவியைப் பூட்டுக்குள் நுழைத்தார். உள்ளே அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். அந்தம்மா ஒரு கணம் நின்றார். பிறகு சாவியை வெளியே எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கால் மிதியில் இரண்டு காலையும் துடைத்துக்கொண்டு, தன் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார்.