செல்லத்தாயின் அக்டோபர் பரீட்சை

செல்லத்தாய்க்கு உட்கார நேரமில்லை, உட்காரவும் தெரியாது. ராஜபாளையத்து மில் ஒன்றில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் வேலை. சுழலும் கோன்களை ஒட்டி எட்டு மணி நேரமும் நடக்க வேண்டும், நூல் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட வேண்டும்.

புருஷன் சிவனாண்டி போலீஸ்காரர். பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் லாரி மோதிச் செத்துப்போனார். மூன்று வருஷத்துக்குள் பத்தாவது பாஸ் செய்தால் அவர் ஆபீசிலேயே வேலை உண்டு என்றார்கள். மற்ற பாடமெல்லாம் கரையேறிவிட்டன. இங்கிலீஷ்தான் நாலு தடவை காலை வாரியது. எல்லாம் வினைச்சொல் செய்த வேலை. நேற்றுப் போனதையும் தினமும் போவதையும் ஒன்றுபோல எழுதிவைத்தால் எந்த வாத்தியார் மார்க் போடுவார்? 1988 அக்டோபர்தான் கடைசி வாய்ப்பு.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மெஷின் ஓரமாகப் போகும்போது தினமும் செய்வது: கோ. திரும்பி வரும்போது நேற்றுச் செய்தது: வென்ட். வந்து சேர்ந்து நின்றதும், செய்து முடித்தாயிற்று: ஹேஸ் கான். இப்படியே நூற்றைம்பது வினைச்சொல். வாய் ஓயாமல் முணுமுணுப்பதைப் பார்த்து, பேய் பிடித்திருக்கிறது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பரீட்சை. பெஞ்சில் உட்கார்ந்தாள், ஒரு சொல்லும் வரவில்லை. கால்கள் தரையில் நிற்காமல் துடித்தன. அரை மணி நேரம் வீணாகப் போனது. பாத்ரூம் போக வேண்டும் என்று வெளியே வந்தவள், வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வினைச்சொல் எல்லாம் மடமடவென்று வாய்க்கு வந்தன.

மேற்பார்வைக்கு வந்த ஞானபாக்கியம் டீச்சர் உதடு அசைவதைப் பார்த்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தி, முந்தானையை உதறிப் பார்த்தார். ஹால் முழுக்கச் சின்னஞ்சிறுசுகள் சன்னல் வழியே வேடிக்கை பார்த்தன. அவமானத்தில் செல்லத்தாய்க்குக் கண் கலங்கியது.

"பிட்டை எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க?"

"பிட்டெல்லாம் இல்ல டீச்சர். மில்லுல நடந்துகிட்டே படிச்சது. உக்காந்தா ஒண்ணும் வர மாட்டேங்கு. அம்புட்டும் காலுலதான் இருக்கு."

டீச்சர் அவள் காலைப் பார்த்தார். வெடித்துக் கிடந்த பாதம்.

"கடைசிச் சன்னல்கிட்ட நின்னு எழுது. ஓரெட்டு ரெண்டெட்டு வச்சுக்கோ. அடுத்தவ பேப்பரப் பாத்தா வெளிய அனுப்பிருவேன்."

டிசம்பரில் முடிவு வந்தது. நாற்பத்தொன்று. பாஸ். மில்லுக்கு வந்து சேதி சொன்னார்கள். செல்லத்தாய் மெஷினை நிறுத்தினாள், அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் வந்து நின்றும் எழுந்திருக்கவில்லை.