ஹெல்மெட் எடுக்கத் திரும்பியபோது

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அந்தக் கவுன்சலர் அம்மாவின் அறை. மனச்சோர்வுக்காக நான் வாராவாரம் படப்பையிலிருந்து பைக்கில் போய்வந்தேன். குள்ளமான உருவம், காதோரம் நரை, பருத்திப் புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. நேரம் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு, "மீதிய இங்கயே வச்சிட்டுப் போங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று சிரிப்பார். எல்லாரிடமும் அப்படித்தானாம்.

ஆறாவது வாரம் ஹெல்மெட்டை மறந்துவிட்டு, பாதிப் படியிலிருந்து திரும்பினேன். என் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க போனதும் சும்மா இதுல வந்து உக்காந்தேன். எழுந்திருக்கவே மனசு வரல. நீங்க வச்சிட்டுப் போன கனம் போலருக்கு."

"அய்யோ, என்னாலதானே? சாரி மேடம்."

"சாரி எதுக்கு? இத்தன வாரமா உங்க மேல எனக்குக் கோவம்கூட வந்துச்சு, இந்த மனுஷன் ட்ரை பண்ணவே மாட்டேங்கறாரேன்னு. இன்னிக்குத்தான் புரியுது. இவ்ளோ கனத்தையும் தூக்கிட்டு நீங்க படப்பைலேர்ந்து வர்றதே பெரிய விஷயம் சார்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட எழுந்திராதவன், "இருங்க மேடம்" என்று படியிறங்கி ஓடி, இரண்டு டீயும் சூடான முட்டை பஃப்ஸும் வாங்கி வந்தேன். அவர் இடத்தைவிட்டு நகரவில்லை. வேறு வழியில்லாமல் நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டையிலும் புடவையிலும் பஃப்ஸ் தூள் உதிர, இருவரும் சாப்பிட்டோம்.

முடிச்சூர் தாண்டியபிறகுதான் தலையில் காற்று அடிப்பது தெரிந்தது. ஹெல்மெட் இன்னும் அவர் மேசைமேல்தான் இருந்தது.