அடங்காத வேன்

2006 ஜூன் 11, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு அண்ணன் தன் பழைய வேனைக் கிளப்பினான். கெட்டுப்போன கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக பெட்ரோலைப் பீய்ச்சும், சென்னையில் வாங்கிய ஃப்யூயல் இன்ஜெக்சன் கிட்டை அதில் பொருத்தியிருந்தான். பொருத்தியதிலிருந்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே இன்ஜின் அலறியது. மறுநாள் ஒரு பள்ளியில் வேனைக் காட்ட வேண்டும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அந்த வேலை கிடைக்காவிட்டால் அவன் மீண்டும் விசைத்தறிக்கே போகவேண்டும்.

“இன்னாண்ணா, நின்ன எடத்துலயே திருவண்ணாமலை போயிடும் போலக்குது.”

“பேஜார் பண்ணாத பாப்பா. அந்த ட்யூப புடி.”

ரப்பர் குழாயைப் பிடித்தேன். சத்தம் சட்டென்று தணிந்தது. என் உள்ளங்கைக்கு அடியில் ஒரு விரிசல். அதன் வழியே அளவுக்கு மீறிய காற்று இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று மகிழ்ந்தேன். ஆனால் கிட்டோடு வந்த அந்தக் குழாய் ஆரணியில் எங்கும் கிடைக்காது. நெசவு வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, முறுக்கிய பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி இறுக்கினோம். இன்ஜின் அமைதியாக ஓடியது. வேனை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். சேவூரைத் தாண்டுவதற்குள் சூட்டிலும் அதிர்விலும் நூல் நெகிழ, இன்ஜின் மீண்டும் அலறியது.

அண்ணன் சாவியைத் திருப்பி அணைத்தான். “வுடு பாப்பா. கொழந்தைங்கள வெச்சிகினு இதுல போவ முடியாது.”

காரணத்தை அறிந்திருப்பது எவ்வளவு சிறிய உதவி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் காலை, வேன் வராது என்று பள்ளியில் சொல்லிவிட்டு வர நான்தான் நடந்து போனேன்.