ஜமீலா மேடமும் ஒரு கொட்டகைத் தர்பூசணியும்

செய்தி வந்தபோது நான் தேர்வுக்கூடத்தில் கண்காணிப்பில் இருந்தேன். அலுவலக உதவியாளர் மணி ஜன்னலோரம் வந்து கையசைத்தார். விடைத்தாள் ஏதோ குறைகிறது போலிருக்கிறது என்று வெளியே போனேன். "சார், நம்ம ஜமீலா மேடம் பூட்டாங்களாம். காலைல நெஞ்சு வலின்னு ஆட்டோல ஏறினாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றார். நான் திரும்ப உள்ளே போய், தேர்வு முடியும்வரை வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருந்தேன். உட்கார முடியவில்லை. தன்னைத்தான் சந்தேகப்படுகிறேன் என்று பயந்து ஒரு மாணவி விடைத்தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நம் கல்லூரி மலரில் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது நம் துறையில் எம்.பி.ஏ. முடித்தவர்கள். அவர் உங்களுக்கு மார்க்கெட்டிங் நடத்தினார், நான் கணக்கு நடத்தினேன். அவர் வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும், என் வகுப்பில் தூங்கியது நினைவிருக்கும். எங்கள் ஆசிரியர் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் அவருடைய பையும் குடையும்தான் உட்கார்ந்திருக்கும். வாசலில் நின்றபடியே டீ குடிப்பார். நான் விடைத்தாளோடு சாய்ந்திருப்பதைப் பார்த்தால் போதும், "இன்னா சார், சேரு உங்கள புடிச்சி வெச்சிகினு கீதா?" என்பார். அவர் உத்திரமேரூர்க்காரர். பாடம் நடத்தும்போது மட்டும் ஏட்டுத் தமிழ், மற்ற நேரமெல்லாம் ஊர்ப் பேச்சுதான்.

இறுதியாண்டில் எல்லாரும் ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்பது விதி. அது எப்படி வரும் என்பது ஊரறிந்த ரகசியம். மாமா வேலை பார்க்கும் கம்பெனி, சித்தப்பாவுக்குத் தெரிந்த ஆடிட்டர், ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. பையன் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான். அப்படி ஒரு சான்றிதழை நீட்டிய அருண் என்பவனிடம் ஜமீலா மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கம்பெனி பேரெல்லாம் சோக்கா கீது. அங்க கேன்டீன் எந்தப் பக்கம் நைனா?" அருண் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒரு நாளு கூட சோறு துன்னாத எடத்துல நீ இன்னாத்த கத்துகினு வந்த?" என்று சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் அவர் ஜமீலா மேடம் இல்லை. அந்த வருடம் வகுப்பு மொத்தத்துக்கும் பயிற்சியை நானே ஏற்பாடு செய்கிறேன் என்று கிளம்பினார். திருமுக்கூடல் பக்கம் ஆற்றோரமாக ஒரு தர்பூசணித் தோட்டம். மாணவர்களே விவசாயியிடம் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பழத்தை மொத்தமாக வாங்கி, உத்திரமேரூரில் ஒரு காலிக் கொட்டகையில் இறக்கி விற்க வேண்டும். துறைத்தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "பழம் தேங்கி அழுகினால் இந்தப் பயிற்சி செல்லாது. வகுப்பே அடுத்த வருடம் திரும்பச் செய்யட்டும்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு ஒரு மாணவியைப் பற்றித்தான் கவலை. கௌதமி என்றொரு பெண் இருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் தாய், வேறு வருமானம் இல்லாத வீடு. அவளுக்கு ஒரு நல்ல வேலை உறுதியாகியிருந்தது. அந்த வருடமே பட்டம் வந்தால்தான் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

பழம் இறங்கிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மாசி முடிந்து வெயில் ஏற வேண்டிய நேரத்தில், ஐப்பசி மாதிரி விடாமல் கொட்டியது. மழையில் எவன் தர்பூசணி வாங்குவான்? நான் மனது கேட்காமல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, கொட்டகைக்குள் பழம் மலையாகக் கிடந்தது. கூரை ஒழுகியது. பிள்ளைகள் விலையைக் குறைத்துப் பார்த்துவிட்டார்கள், ஜூஸ் கடைகளில் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள், கல்லூரி விடுதிகளுக்குப் போய் வந்துவிட்டார்கள். அடி வரிசைப் பழங்கள் நனைந்து வாசனை மாறத் தொடங்கியிருந்தன. கௌதமி ஒரு மூலையில் நனைந்த பழங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜமீலா மேடத்தின் தம்பி சலீம் பாய்க்குக் காஞ்சிபுரத்தில் பழ மண்டி உண்டு. அவர் நினைத்தால் அத்தனையையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். "தம்பிக்கு ஒரு போன் போடுங்க மேடம், முடிஞ்சிடும்" என்றேன்.

"முடிஞ்சிடும் சார். அதான் பயமா கீது" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கௌதமிக்கு வேலை போனா நீங்க குடுப்பீங்களா? பாடம் சொல்லித்தரதுன்னா ஒரு அளவு இல்லையா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கத்திவிட்டேன். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் வந்தார். திரும்பவும் போனார். பகல் முழுக்க இதுதான். நோன்பு மாதம் வேறு. ஒரு வாய் தண்ணீர் கிடையாது. இந்த மனுஷி ஓரிடத்தில் நின்று ஒரு யோசனையாவது சொல்லக்கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்ததும் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கேட்டது. அவர் கையில் பேரீச்சை கூட இல்லை. கௌதமி ஒரு பழத்தை வெட்டித் துண்டை நீட்டினாள். அவர் அதைத் தின்று நோன்பு திறந்தார். பார்த்துக்கொண்டே நின்ற கௌதமி திடீரென்று கேட்டாள்: "மேடம், பள்ளிவாசல்ல இப்ப எல்லாருக்கும் பழம் வெட்டுவாங்களா?"

"வெட்டுவாங்க."

"மழ பேஞ்சா நோம்பு நின்னுடுமா மேடம்?"

ஜமீலா மேடம் வாய் நிறையப் பழத்தோடு சிரித்தார். "எம்மா, இத்த கேக்க இவ்ளோ நேரமா? வாய தெறக்காம இருந்து இருந்து எனக்கு உசுரே பூட்ச்சி!"

பிள்ளைகள் அப்போதே கிளம்பிவிட்டார்கள். உத்திரமேரூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று பள்ளிவாசல் பள்ளிவாசலாக ஏறி இறங்கினார்கள். அடுத்த சில நாட்களில் கொட்டகை கிட்டத்தட்டக் காலியானது. அடி வரிசை அழுகியதுதான். லாபம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. சரக்கு தேங்கவில்லை என்பதால் துறைத்தலைவர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கௌதமி வேலையில் சேர்ந்தாள். ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. ஒருவேளை அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருந்தால்? ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? பலமுறை கேட்டிருக்கிறேன். "கோவப்படுங்க சார். அத்தையாவது எழுந்து நின்னு படுங்க" என்று கிண்டல் செய்வாரே தவிர, ஒருநாளும் நேரான பதில் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்து உத்திரமேரூரில் அவர் வீட்டு வாசலில் சலீம் பாயோடு உட்கார்ந்திருந்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவன் நான். வாயில் வந்தது அந்தப் பழைய கோபம்தான். "அன்னிக்கு அந்த மழையில உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம் பாய். அவ்வளவு பிடிவாதம்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போட்டாங்களே சார். காலைலயே போட்டாங்க. 'டேய், இன்னிக்கி இதுக்கு அப்புறம் நான் போன் பண்ணா எடுக்காத. எட்த்தன்னா, வந்து பழத்த தூக்கிகினு போடான்னு சொல்லிடுவேன். புள்ளைங்க பாதியில நின்னுடும்'னாங்க."

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் பொழுது போறவரைக்கும் அடிச்சிகினே இருந்தாங்க சார். போனு எதிருலயே கீது. பேர பாத்துகினே ஒக்காந்திருந்தேன். எடுக்கல. எட்த்திருக்கலாம்னு இப்ப தோணுது. சும்மா, குரலு கேக்கறதுக்கு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜமீலா மேடம் சொல்லிவிட்டுப் போனவற்றில் எதை எழுதலாம் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் சொல்லாமல் விட்ட இதைத்தான். கைகொடுக்கத் துடித்து, கொடுத்துவிடுவோம் என்று பயந்து, தன் தம்பியின் வழியையும் அடைத்துவிட்டு, மழையில் தனியாகப் போன் அடித்துக்கொண்டிருந்த அந்தப் பகலை. கல்நெஞ்சக்காரி என்று நான் கத்தாத குறையாக நின்றிருந்தபோது, என்னைவிட அதிகமாக அந்தப் பெண்ணுக்காகப் பயந்துகொண்டிருந்தவர் அவர். அதை அவரிடமே சொல்ல எனக்கு இனி வழியில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.