ஃபேன் காற்றில் ஆறிய சந்தகை

மூன்று வருடங்களுக்கு முன்பு, காப்பிப் பழம் பறிக்கும் மார்கழியில், ஏற்காட்டில் நாங்கள் டிபன் கடை திறந்த இரண்டாம் நாள் காலையில் நடந்தது இது. முதல் நாளே ஏன் நடக்கவில்லை என்றால், முதல் நாள் கடையில் என் மனைவி இருந்தாள்.

சேலத்தில் இருபத்திரண்டு வருடம் பார்த்த கம்பெனி வேலையை உதறிவிட்டு, மலையில் சந்தகை, அதாவது அரிசிச் சேவை, விற்கும் கடை போடலாம் என்று அவளைக் கரைத்துக் கூட்டி வந்தவன் நான். சமைப்பது அவள், கல்லாவில் உட்கார்ந்து வாயடிப்பது நான். பக்கத்து லாட்ஜ் மேனேஜர் முந்தைய நாளே சொல்லிவிட்டார்: "காலைல பதினேழு பேரை அனுப்பறேனுங்க. அவங்களுக்குப் புடிச்சுதுன்னா இனி எங்க ஆளுக அத்தனை பேருக்கும் உங்க கடைதான். புடிக்கலைன்னா அப்பறம் என்னைக் கேக்கக் கூடாதுங்க." புதுக் கடையின் தலையெழுத்தே அந்தப் பதினேழு பேர் நாக்கில் இருந்தது.

அன்று மாலை மச்சினிச்சிக்கு உடம்புக்கு முடியவில்லை என்று போன் வர, மனைவி மாவை ஆட்டி வைத்துவிட்டுச் சேலம் இறங்கினாள். முதல் பஸ்ஸில் வந்துவிடுவதாக ஏற்பாடு. விடிந்ததும் அவளிடமிருந்து போன். கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து பஸ் நிற்கிறதாம். அவள் மேலே ஏதோ சொல்ல வந்தாள். "அட, நான் பார்த்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன். ஐம்பது வருடமாகச் சந்தகை தின்றவனுக்கு அதைச் செய்யத் தெரியாதா?

தெரியாது. தின்ற ஐம்பது வருடமும் பேப்பர் படித்துக்கொண்டே தின்றிருக்கிறேன்.

ஆனாலும் இட்லி மாதிரி அவித்து, எந்திரத்தில் போட்டுப் பிழிய வேண்டும் என்ற அளவுக்கு ஞானம் இருந்தது. மாவு முழுவதையும் ஒரே மூச்சில் அவித்துத் தள்ளினேன். தொட்டால் கை சுட்டது. நானோ புத்திசாலி. எல்லாவற்றையும் தாம்பாளங்களில் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டேன். மார்கழி மாத ஏற்காட்டில், ஃபேன்!

லாட்ஜ் கூட்டம் வந்து உட்கார்ந்தது. நான் அவித்ததில் ஒன்றை எந்திரத்தில் போட்டுக் கைப்பிடியைத் திருகினேன். மூன்று கால் இரும்பு எந்திரம் அது. கைப்பிடி சுற்றவில்லை, எந்திரமே என்னோடு சேர்ந்து சுற்றியது. இருவரும் அடுப்படியை இரண்டு முறை வலம் வந்தோம். மூச்சைப் பிடித்து ஒரு திருகு திருகியதில், அடியிலிருந்து மூன்றே மூன்று இழை எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. பதினேழு பேருக்கு மூன்று இழை.

வெளியே யாரோ தட்டில் தாளம் போட்டார்கள். கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாமா, மயங்கி விழலாமா என்று யோசித்தேன். விழுந்தால் தரை ஜில்லென்று இருக்குமே என்று அதையும் கைவிட்டேன். கடைசியில் ஒரு கடை முதலாளி செய்யக்கூடாததைச் செய்தேன். பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

பத்தடிகூடப் போகவில்லை. பனிமூட்டத்தில், எஸ்டேட் ஜீப்புக்காகக் காத்திருந்த நான்கு பெண்கள் நடுவில் போய் நின்றேன். வாழவந்திப் பக்கமிருந்து பழம் பறிக்க வருகிறவர்கள். கையெல்லாம் மாவோடு நின்ற என்னைப் பார்த்து ஒரு அம்மா பதறிவிட்டார்.

"ஏனுங்கண்ணா, கடைக்குள்ள பாம்புங்களா?"

"இல்லைங்க, கஸ்டமருங்க."

நால்வரும் சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது. ஒளிக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த அம்மா உள்ளே வந்து தாம்பாளங்களைப் பார்த்தார். மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சந்தகையச் சூடு ஆறாம புழியோணும். நீங்க அதுக்குக் காத்து வீசித் தூங்க வெச்சிருக்கறீங்க!"

அதற்குப் பிறகு என் அடுப்படியில் எனக்கு வேலை இல்லை. ஆறியதை ஈரத்துணியில் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஆவியில் வைத்தார்கள். ஒருவர் சுடச்சுட எடுத்துப் போட, ஒருவர் திருக, ஒருவர் தட்டைச் சுழற்றிப் பிடித்தார்; அந்த அம்மா தாளிக்க வாணலி வைத்தார். எந்திரம் சுற்றாமல் காலைப் பிடிக்க ஆள் வேண்டும். முதலாளியான நான் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டேன். மல்லிகைச் சரம் மாதிரி சந்தகை இறங்கியது.

பாதி பிழிந்திருப்போம். ஜீப் ஹாரன் அடித்தது. இவர்கள் போய்விட்டால் அவ்வளவுதான். போகாவிட்டால் இவர்களுடைய ஒரு நாள் கூலி போய்விடும். "போங்கம்மா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த அம்மா என்னைக் கண்டுகொள்ளாமல் சன்னல் வழியாகக் கத்தினார்.

"அண்ணோவ், வண்டிய ஓரங்கட்டிட்டு வாங்க! சந்தகை வெந்துக்கிட்டு இருக்குது!"

"நேரங்கழிச்சுப் போனா ரைட்டரு கூலிக்குப் பேர் எழுத மாட்டாருங்க!" என்று முனகியபடியே டிரைவர் உள்ளே வந்தார். கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை வாணலியில் பொரிந்துகொண்டிருந்தது. எலுமிச்சை பிழிந்து சந்தகையைக் கொட்டிக் கிளறியதும், அவரே போனை எடுத்து எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரை அழைத்தார். "பனி நொம்பக் கெட்டியா இருக்குதுங்க, மெதுவாத்தான் வரணும்" என்றார், இலையைத் துடைத்து முன்னால் போட்டுக்கொண்டே.

லாட்ஜ் கூட்டம் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. அவர்களில் ஒரு பெரியவர் பாராட்டுவதற்காக அடுப்படிக்கே வந்து, தரையில் எந்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்த என்னைப் பார்த்து, "மாஸ்டர் எங்கேப்பா?" என்று கேட்டார். நான்கு பெண்களையும் காட்டினேன். சாப்பிட்டு முடித்து, ஜீப்பில் ஏறும்போது அந்த அம்மா சொன்னது: "அடுத்த வாட்டி ஓடறதுன்னா ஜீப்பு வர்றதுக்கு நொம்ப முன்னாடியே ஓடியாங்க."

ஒன்பதரைக்கு மனைவி வந்தாள். மிச்சத்தை ஒரு வாய் போட்டதுமே, "இது யாரு செஞ்சது?" என்றாள். நான்தான் என்று சொல்ல ஒரு கணம் நாக்குத் துடித்தது. சொல்லவில்லை. நடந்ததை, ஓடியது உட்பட, அப்படியே சொன்னேன். அவள் சிரித்து முடிக்க மதியம் ஆனது. அதற்குள் லாட்ஜ் மேனேஜரும் வந்து, இனி தன் ஆட்களுக்கெல்லாம் எங்கள் கடைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எவர் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்றுதான் அன்று ஓடினேன். அந்த நான்கு பேர் கண்ணில் பட்டதால்தான் பிழைத்தேன் என்பதால், இப்போதெல்லாம் வேலை கைமீறத் தொடங்கினால் நான் ஒளிந்துகொள்ள இடம் தேடுவதில்லை, வாய்விட்டுச் சொல்ல ஆள் தேடுகிறேன்.