‘பி’ இல்லாத வண்டி

ஹால்வரைக் கட்டிக்கிட்டு நாப்பத்தாறு வருஷம் ஆகுது. அதுல கடைசிப் பதினாலு வருஷம் ஒரு பச்சை பிக்கப் வண்டியோடயும் சேர்ந்து குடும்பம் நடத்துறேன். 1955-ல வந்த வண்டி. ரெண்டுல எது தொல்லை ஜாஸ்தின்னு கேட்டா, பதில் நாளுக்கு நாள் மாறும்.

ஆளைப் பத்திச் சொல்லிடறேன். மாவட்ட ரோடு வேலையில முப்பத்தோரு வருஷம். கோடையில சரளை பரப்புவார், பனிக்காலத்துல பனி தள்ளுற வண்டி ஓட்டுவார். எங்க கோதுமை மேட்டுல ஒரு ரோடும் நேரா போகாது, சமமாவும் இருக்காது. ஆனா மனுஷன் ஒரு வண்டியைக்கூட பள்ளத்துல விட்டதில்ல. ரிடையர் ஆக ரெண்டு வருஷம் இருக்கும்போது பனி தள்ளுற தகடு இடது முட்டி மேல விழுந்துச்சு. அதோட கிளச் மிதிக்கறது போச்சு. வேற யாரா இருந்தாலும் வீட்டுல உக்காந்திருப்பாங்க. இவர் கிளச்சே இல்லாத பழைய பிக்கப் ஒண்ணை ஏலத்துல எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தினார்.

“மார்லிஸ், இதுல கியர் தானா மாறும். அந்தக் காலத்துலயே செஞ்சிருக்கான் பாரு.”

“துணியும் தானா துவைக்குமா?”

அவர் வண்டிக் கதவைத் துடைக்க ஆரம்பிச்சார். பிடிக்காத கேள்வி அவர் காதுல விழறதே கிடையாது.

இந்த வண்டியில ஒரு வினை இருக்கு. ஸ்டீயரிங் பக்கத்துல கியர் குச்சி. இப்ப வர்ற வண்டியில அதை மேல கடைசி வரைக்கும் தள்ளினா ‘பி’, அதாவது பார்க், வண்டி பூட்டிக்கும். இதுல ‘பி’யே கிடையாது. மேல கடைசியில நியூட்ரல், நடுவுல ஓட்டறதுக்கு ரெண்டு இடம், கீழ கடைசியில ரிவர்ஸ். நிறுத்தணும்னா முதல்ல இன்ஜினை அணைக்கணும். அப்புறம் குச்சியை ரிவர்சுக்குத் தள்ளணும். உள்ள ஒரு பல்லு போய் மாட்டிக்கும், வண்டி அசையாது. அவசரப்பட்டு இன்ஜின் ஓடும்போதே ரிவர்ஸ் போட்டா, நேரா பின்னாடி போய் கோழிக்கூண்டுல நிக்கும். ஒரு தடவை நின்னுது. ஓட்டினது நான். அதைப் பத்திப் பேச வேண்டாம்.

கைப்பிரேக் தேஞ்சு ரெண்டு வருஷம். மாத்துன்னா, “ரிவர்ஸ்தான் பிடிக்குதே”ம்பார். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்.

அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுல மீன் விருந்து. நார்வேலேர்ந்து தாத்தன் பாட்டன் கொண்டாந்த பழக்கம், சாம்பல் கரைச்ச தண்ணில ஊறின மீனு, கொழகொழன்னு இருக்கும், பிடிக்குதுன்னு எல்லாரும் பொய் சொல்லிக்கிட்டே சாப்பிடுவோம். வண்டி நிறுத்தற இடம் சரிவு. கீழ கல்லறைத் தோட்டம். சாவியை யாரும் எடுத்துக்கிட்டு உள்ள போறதில்ல. உன் வண்டி யாரையாவது மறிச்சா அவங்களே எடுத்துத் தள்ளி நிறுத்திக்கணும். சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போறவனைத்தான் இங்க ஒரு மாதிரி பாப்பாங்க.

ரெண்டாவது பந்தி ஓடுது. நான் உருளைக்கிழங்கு பரிமாறிக்கிட்டிருக்கேன். கதவு வழியா ஒருத்தர் எட்டிப் பாத்து, “ஹால்வர், உன் வண்டி ஓப்டால் குடும்பத்தைப் பாக்கப் போயிருக்கு”ன்னார்.

ஓப்டால் குடும்பம் மொத்தமும் செத்து அறுபது வருஷம். வெளிய ஓடினோம். வண்டி தானா உருண்டு, வேலியைப் பிச்சுக்கிட்டு, அவங்க கல்லறைக் கல்லுல முட்டிக்கிட்டு நிக்குது. கல்லு சாஞ்சிருக்கு. அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அந்த வேலிக்கிட்ட சின்னப் புள்ளைங்க ஓடிப் பிடிச்சு விளையாடினாங்களாம். அதைக் கேட்டதும் யாரும் சிரிக்கல.

எங்க மகன் ராய்ஸ் கையை நீட்டினான். “சாவியைக் குடுங்கப்பா.”

“நான் ரிவர்ஸ் போட்டேன்டா.”

“போட்டிருந்தா அது ஏன் அங்க நிக்குது?”

இவர் வண்டியைப் பாத்தார், அப்புறம் தன் கையைப் பாத்தார். “போட்டேன்னுதான் நெனைக்கிறேன்”னார். வண்டியில இருந்த சாவியை உருவிக் குடுத்துட்டார்.

எனக்கு எரிச்சலான எரிச்சல். ராய்ஸ் கார்ல வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் திட்டினேன். கைப்பிரேக்குக்குத் திட்டினேன், பிடிவாதத்துக்குத் திட்டினேன். வழக்கமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு விசில் அடிக்கிற ஆளு, அன்னிக்கு மடியில இருந்த தொப்பியைத் திருப்பிக்கிட்டே வந்தார். கடைசியில, “எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது”ன்னார்.

அவங்கப்பா கடைசி நாலு வருஷம் பெத்த பிள்ளையையே யாருன்னு கேட்டுச் செத்தவர். திட்டறதை நிறுத்தினேன். அப்பவும் ‘நீ போட்டிருப்பே’ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. மறந்துட்டார்னுதான் நானும் நெனச்சேன்.

ராய்ஸ் வியாழக்கிழமைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கினான். அதுக்குள்ள வீட்டுல நடந்த கூத்தைக் கேளுங்க. அடுப்பை அணைச்சேனான்னு மூணு தடவை போய்ப் பாக்கறார். நான் பால் வாங்கிட்டு வரச் சொன்னா துண்டுச் சீட்டுல ‘பால்’னு எழுதிக்கறார். செவ்வாய்க்கிழமை காலையில பாக்கறேன், பேரன் பேத்தி பேரெல்லாம் மெல்லமா சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கார். பேர் எல்லாம் சரியாத்தான் சொன்னார். நான் அடுப்படியை விட்டுட்டு கோழிக்குத் தீனி போடப் போயிட்டேன்.

வண்டியை அன்னிக்கே டிரெய்லர்ல இழுத்து ஏத்திக் கொண்டாந்து எங்க வாசல்ல இறக்கியிருந்தாங்க. அப்புறம் யாரும் தொடல. புதன்கிழமை என் கேக் சுடற தட்டு அதுல கிடக்குன்னு ஞாபகம் வந்து எடுக்கப் போனேன். நான் உக்கார்ற பக்கக் கதவு நசுங்கித் திறக்கல. ஓட்டற பக்கம் ஏறி உக்காந்தேன். கால் பெடலுக்கு எட்டல.

ஹால்வரும் நானும் ஒரே உயரம், குள்ளம். பதினாலு வருஷமா அந்த சீட்டு ஓர் அங்குலம் நகர்ந்ததில்ல. இப்ப ஒட்டகம் உக்கார்ற மாதிரி பின்னாடி போயிருக்கு. எங்க குடும்பத்துல ஒட்டகம் ஒண்ணுதான். போன் போட்டேன்.

“ராய்ஸ், ஞாயித்துக்கிழமை அப்பா வண்டியை எடுத்தியா?”

“ஆமா, காபி பாத்திரம் ஏத்தின வேன் வெளிய வர முடியல. பத்தடி தள்ளி நிறுத்தினேன். ஏம்மா?”

“எப்படி நிறுத்தின?”

“எல்லாரும் நிறுத்தற மாதிரிதான்.”

“சாவியை எடுத்துக்கிட்டு வந்து காட்டு.”

“வேலை கிடக்கும்மா.”

“எனக்கும்தான் கிடக்கு. வா.”

வந்தான். எங்க வாசலும் சரிவுதான். அவன் வர்றதுக்குள்ள பின்சக்கரத்துக்குப் பின்னாடி ரெண்டடி தள்ளி விறகுக்கட்டை ரெண்டு வெச்சேன். ஹால்வர் வாசப்படியில நின்னு என்ன நடக்குதுன்னு புரியாம பாக்கறார். ராய்ஸ் ஏறினான், கிளப்பினான், கொஞ்சம் முன்னாடி எடுத்து நிறுத்தினான். குச்சியை மேல, கடைசி வரைக்கும் தள்ளினான். இன்ஜினை அணைச்சு இறங்கிக் கதவைச் சாத்தினான்.

“இதுல என்ன இருக்கு?”ன்னான்.

அவன் முதுகுக்குப் பின்னாடி வண்டி மெதுவா உருள ஆரம்பிச்சுது. கட்டையில போய் தொப்புன்னு இடிச்சு நின்னுது.

திரும்பிப் பாத்தான். குனிஞ்சு ஜன்னல் வழியா குச்சி எங்க நிக்குதுன்னு எழுத்துக்கூட்டிப் படிச்சான். முகம் சுண்டிப் போச்சு.

ஹால்வர் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கி வந்தார். “நான் போட்டிருந்தேன்”னார்.

“போட்டிருந்தீங்கப்பா. நான்தான்...”

“போட்டிருந்தேன்ல?” என்னைப் பாத்துக் கேட்டார்.

“போட்டிருந்தே, மனுஷா. இந்த நெட்டைக்கொக்கு எடுத்து விட்டிருக்கு.”

கண்ணாடியைக் கழட்டிச் சட்டையில ரொம்ப நேரம் துடைச்சார். ராய்ஸ் சாவியை நீட்டிக்கிட்டே நிக்கிறான். நான் விடுவேனா? “மூணு நாளா உங்கப்பா பேரப்புள்ளைங்க பேரை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருக்கார். நீ வண்டியைத் தொட்டதையே மறந்துட்டு அவரை டாக்டர்கிட்ட இழுக்கறே. வேலியையும் கல்லையும் நீ சரி பண்ணு. கைப்பிரேக்கை ஹால்வர், நீ மாத்து. ரெண்டும் நடக்கற வரைக்கும் யாரும் என் சாப்பாட்டு மேஜைக்கு வராதீங்க”ன்னேன்.

“அது மாசக்கணக்கா ஆகுமே”ன்னார் ஹால்வர்.

“அப்ப சீக்கிரம் ஆரம்பி.”

உள்ள போய் டாக்டர் ஆபீசுக்குப் போன் பண்ணி வியாழக்கிழமை நேரத்தை ரத்து பண்ணினேன். காரணம் என்னன்னு போட்டுக்கறதுன்னு அந்தப் பொண்ணு கேட்டா. மறதி வந்தது மகனுக்கு, வேணும்னா அவன் பேருக்கு மாத்திக்கோன்னேன்.

ராய்ஸைத் திட்டினது சுலபமா இருந்துச்சு. என்னை நான் என்ன பண்றதுன்னுதான் தெரியல. இவர் பனியிலயும் சரிவுலயும் ஓட்டினதை முப்பத்தோரு வருஷம் பாத்தவ நான். என் வாயில இருந்து ஒரு வார்த்தை வரலியே. மன்னிப்பு கேக்கறதெல்லாம் எனக்கு வராது. ஆப்பிளை மாவுக்குள்ள வெச்சு பை சுட்டேன். மேஜைக்கு வராதேன்னு சொன்ன வாயாலயே கூப்பிட்டேன். வந்து உக்காந்து, ஒரு வாய் வெச்சு, மெதுவா மென்னு முழுங்கினார்.

“மாவு கொஞ்சம் தடிப்பா இருக்கு, மார்லிஸ்.”

நாப்பத்தாறு வருஷமா இதைத்தான் சொல்றார். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சொன்னார். இன்னொரு துண்டு வெட்டி அவர் தட்டுல வெச்சேன்.